பதினேழு வளைவும் ஒரு முட்டியும்

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏற்றம், சாயங்காலம் இறக்கம், ஞாயிறு விடுமுறை என்று தங்கபாண்டி அவற்றை இருபத்தெட்டு வருடமாக ஜீப்பில் கடந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு வளைவுக்கும் இடது கால் இரண்டு தடவையாவது கிளட்சை மிதிக்க வேண்டும். 2025 அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு, ஒன்பதாவது வளைவில் மிதித்த கால் திரும்பி வரவில்லை.

முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. கியர் நியூட்ரலில் இருந்தது. ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பதினான்கு பெண்கள். வண்டி ஓர் ஆள் நீளத்துக்குப் பின்னால் உருண்டது. தங்கபாண்டி வலது காலால் பிரேக்கை அழுத்தி, கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தார். பின்சக்கரத்துக்கும் சாலையோரக் கல்லுக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் மூடுபனி மட்டும்தான்.

முன்சீட்டில் இருந்த ஈஸ்வரி குதித்து இறங்கி, ஒரு கல்லைப் புரட்டிப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். மற்றப் பதின்மூன்று பேரையும் திரட்டித் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான். எந்த ஜீப்பில் ஏறுவது என்று முடிவு செய்கிறவரும் அவரே.

"என்னண்ணே, பிரேக்கு போச்சா?"

"பிரேக்கு இருக்கு ஆத்தா. காலுதேன் போச்சு."

இரண்டு கைகளாலும் தொடையைத் தூக்கினார். முட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கால் விடுபட்டது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஒம்பதாவது படம் ஓடுச்சா, ஊத்திக்கிச்சா, அதச் சொல்லாமலே நிப்பாட்டிட்டீகளே." யாரும் சிரிக்கவில்லை.

மற்ற நாட்களில் சிரித்திருப்பார்கள். தங்கபாண்டியின் ஜீப்பில் ஒவ்வொரு வளைவும் ஒரு படம். முதல் வளைவில் சுகந்தகுமாரின் முதல் படம், இரண்டாவதில் இரண்டாவது. வளைவு திரும்பியதும் கதையைத் தொடங்கி, அடுத்த வளைவுக்குள் முடித்துவிடுவார். சுகந்தகுமார் நடித்தவை இருபத்து மூன்று படங்கள். மீதி ஆறுக்கு ஏன் வளைவு இல்லை என்று கேட்டால், "அதெல்லாம் ஓடாத படம், மேட்டுல ஏறாது" என்பார்.

சுகந்தகுமார் சொந்தக் குரலில் பாடி நடித்தவர். ஒன்பது வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் கட்டி, குரல் உடைந்ததும் வெளியே அனுப்பப்பட்டு, இரண்டு வருடம் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி, உடைந்த குரல் புதுக் குரலாகத் தேறியதும் திரும்பி வந்தார். 1959இல் முதல் படம். 1967இல் வந்த பதினோராவது படத்தில் ஒரு பாட்டை மட்டும் குரங்கணிக்கு மேலே உள்ள பாறையில் எடுத்தார்கள். போடிக்காரர்களுக்கு அது மலைப்பாட்டு. அந்தப் பாட்டில், பல்லவி முடிகிற இடத்தில் சுகந்தகுமார் சட்டென்று இடது முட்டியில் பாறை மேல் விழுவார். பல்லைக் கடிப்பார். உடனே ஒரு சிரிப்பு. இடது கை நெற்றி முடியைக் கோதும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து பாடுவார். தியேட்டரில் அந்த இடத்துக்குக் காசு வீசினார்கள். அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு படங்களில் ஏழில், ஏதாவது ஒரு பாட்டில் அவர் அந்த முட்டியைப் போட வேண்டியிருந்தது. போடாவிட்டால் நாற்காலி கிழிந்தது. 1975இல், முப்பத்தெட்டு வயதில், ஆன்மிகத்தில் நாட்டம் என்று ஒரு பத்திரிகையில் பேட்டி கொடுத்துவிட்டு நடிப்பதை நிறுத்திக்கொண்டார்.

படம் வந்தபோது தங்கபாண்டி பிறக்கவில்லை. 1984இல், பதினைந்து வயதில், போடியில் அது மறுபடி ஓடியபோதுதான் பார்த்தார். மூன்று வாரத்தில் பத்தொன்பது தடவை. ராசிங்காபுரத்தில் அப்பாவின் சோளக்காட்டு வரப்பில் முட்டி போட்டுப் பழகினார். 1994இல் பக்கத்து ஊர்த் திருவிழா மேடையில் சுகந்தகுமாராக முதல் ஆட்டம். கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் பட்டுத் துண்டு, எண்ணெய் வைத்துச் சுருட்டிய முன்முடி. சுவரொட்டியில் பெயர் 'போடி சுகந்தகுமார்'. முகம் கொஞ்சம்தான் ஒத்துப்போகும். முட்டிக்காகத்தான் கூப்பிட்டார்கள்.

முப்பத்தொரு வருடம். வருடத்துக்கு இருபது மேடை. படத்தில் ஒன்றுதான் என்றாலும், மேடையில் பல்லவி முடியும்போதெல்லாம் என்று பாட்டுக்கு மூன்று முட்டி, ஒன்ஸ்மோர் கேட்டால் ஆறு. போடிப் பக்கம் ஒன்ஸ்மோர் கேட்டால் மறுக்கிற வழக்கம் இல்லை. சிமெண்டு மேடை, பலகை மேடை, லாரியின் தகரத் தளம், எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறார். அவர் மனைவி பொன்னுமணி தெருவில் சொல்வது இது: "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு குடும்பம். ஒண்ணு நாங்க. இன்னொண்ணு சுகந்தகுமாரு. சம்பாத்தியம் எங்களுக்கு, சட்டை அவருக்கு."

தேனியில் எலும்பு மருத்துவரிடம் போனபோது பொன்னுமணியோடு ஈஸ்வரியும் போனார். மருத்துவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச துண்டு மூட்டுக்கு நடுவுல போய் மாட்டிக்குது. என்ன வேலை பாக்குறீங்க?"

"ஜீப்பு டிரைவர் சார்."

"டிரைவருக்கு இப்படிக் கிழியாதே. எங்கயாச்சும் விழுந்தீங்களா?"

தங்கபாண்டி வாயைத் திறப்பதற்குள் ஈஸ்வரி சொன்னார்: "முப்பது வருசமா விழுகுறாரு சார். மேடையில."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். ஆபரேஷன் செய்தால் ஆறு வாரத்தில் கிளட்ச் மிதிக்கலாம். அதற்கு முன்னால் ஒரு தடவை அந்த முட்டியில் விழுந்தால், மீதி ஜவ்வும் போய்விடும். அப்புறம் நடக்கலாம், மலையில் வண்டி ஓட்ட முடியாது. நவம்பர் 19 என்று தேதி எழுதிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் ஈஸ்வரி பேசியது நீளமாக இல்லை. அவர் அக்கா 2009இல் வேறொரு ஜீப்பில் போய், பதினான்காவது வளைவில் இறந்தவர். "இந்த வாரத்துல இருந்து எங்க தம்பி சின்ராசு ஓட்டட்டும். ஒங்க வண்டிதேன், ஒங்க வாடகைதேன். ஆபரேசன் முடிஞ்சு வாங்க, ஆறு வாரமில்ல, எட்டு வாரம் ஆனாலும் ஒங்க சீட்டு இருக்கும்."

"சரி ஆத்தா."

"இன்னொண்ணு. எங்கயாச்சும் போயி முட்டி போட்டீகன்னு தெரிஞ்சா, கால் நல்லா இருந்தாலும் நாங்க ஏற மாட்டோம். கைதட்டுக்கு விழுகுற ஆளை நம்பிப் பதினாலு பேரு உக்கார முடியாதுண்ணே."

வேறு குழு அவருக்கு இல்லை. அந்தப் பதினான்கு பேர் ஏறாவிட்டால் வண்டி நிற்கும்.

ஆறு நாள் கழித்து மகாராஜன் போன் செய்தார். ஏலக்காய் வியாபாரி, சுகந்தகுமார் ரசிகர் மன்றத்துக்கு நாற்பது வருடமாகச் செயலாளர்.

"பாண்டி, உக்காந்துக்க. ஐயா வர்றாரு."

"எந்த ஐயா?"

"எந்த ஐயாவா? சுகந்தகுமார் ஐயாப்பா. எம்பத்தெட்டு வயசாச்சு, குரங்கணிப் பாறையை ஒருக்கப் பாக்கணும்னு மக கிட்டச் சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழமை காலையில நம்ம கல்யாண மண்டபத்துல பாராட்டு. நீ ஆடுற."

தங்கபாண்டி இடது காலை மெதுவாக நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"என்னப்பா சத்தத்தைக் காணோம்? ஒனக்குச் சொகமில்லைன்னு யாரோ சொன்னாக. கம்பத்துல ஒரு பய இருக்கான், இருபத்தாறு வயசு, ரப்பர் மாதிரி விழுகுறான். அவனை வரச் சொல்லவா?"

"வேணாம்ணே. நான் ஆடுறேன்."

முட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. பொன்னுமணியிடம் மட்டும் சொன்னார். அன்று மாலைக்குள் ஈஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. அவர் வீட்டுக்கே வந்தார், உட்காரவில்லை.

"ஆடுங்கண்ணே. நான் வேணாங்கல. கையை ஆட்டுங்க, பாடுங்க, முடியக் கோதுங்க. விழாதீக. நாங்க பதினாலு பேரும் வர்றோம், பாக்க."

நவம்பர் 9 காலை பத்து மணிக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. நாற்காலிகள் இருநூறு. நின்றவர்கள் இன்னும் நூறு பேர். பாதிப் பேர் முதன்முதலில் அந்தப் படம் வந்தபோது பார்த்தவர்கள். மீதிப் பேர் திருவிழா மேடையில் தங்கபாண்டியைப் பார்த்து, அதிலிருந்து படத்துக்குப் போனவர்கள். மேடைக்கு இடது பக்கம் மணமகள் அறை. தங்கபாண்டி அங்கே பேண்டுக்குள் முட்டிக்கு இறுக்கமான உறை மாட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மகாராஜன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

நாற்காலியில் இருந்தவர் மெலிந்திருந்தார். முன்முடி இல்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"இந்தப் பையனா?"

ஐம்பத்தாறு வயதுப் பையன் காலில் விழப் போனார். குனிய முடியவில்லை. சுகந்தகுமார் அதைக் கவனித்தார்.

"எந்தக் கால்?"

"இடதுங்கய்யா."

"எனக்கும் அதேதான் முதல்ல. இப்ப ரெண்டும் ஸ்டீல்." கைத்தடியால் தன் முட்டிகளைத் தட்டிக் காட்டினார். "அந்தப் பாறையில அன்னைக்கு ஒரே பனி, ஈரம். வழுக்கிருச்சு. முட்டி பாறையில மோதி உயிர் போச்சு. வெளிச்சம் போயிட்டிருக்கு, பிலிமும் கையில கொஞ்சம்தான். நிறுத்தினா மறுநாள் திரும்ப எல்லாரும் ஏறணும். அதனால எந்திரிச்சுப் பாடிட்டேன். டைரக்டர் அதையே வச்சுக்கிட்டார்."

தங்கபாண்டி குறுக்கே கேட்டார்.

"அது ஸ்டெப்பு இல்லீங்களா ஐயா?"

"ஸ்டெப்பா? விழுந்தேன்பா."

"அந்தப் பல்லைக் கடிக்கிறது?"

"வலிக்காதா?"

"சிரிப்பு?"

"வலியை மறைக்க."

"முடியைக் கோதுறது?"

"கண்ணுல தண்ணி வந்துருச்சு. கையை வச்சு மறைச்சேன். அப்புறம் ஏழு படம், விடமாட்டேன்னுட்டாங்க. ஏழாவதுல மூட்டே போச்சு. வெளிய சொன்னா மார்க்கெட் போயிரும். கோயில், குளம்னு ஒரு பேட்டி கொடுத்தேன்."

அந்தக் கோதலைத் தங்கபாண்டி மூன்று மாதம் கண்ணாடி முன்னால் பழகியவர். சுண்டுவிரல் தனியாக நிற்க வேண்டும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். கடந்த இரண்டு வருடமாகப் பல்லைக் கடிப்பதை மட்டும் பழக வேண்டியிருக்கவில்லை; அது தானாகவே வந்தது.

இனி விழ வேண்டாம் என்று பெரியவர் சொல்வார் என எதிர்பார்த்து நின்றார். சுகந்தகுமார் கைத்தடியை மடியில் வைத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"முழுசா விழு, என்ன? பாதியில எந்திரிச்சு ஏமாத்தாதே. இந்த வயசு வரைக்கும் நான் அதை நேர்ல பாத்ததே இல்ல. நான்தானே ஆடிட்டிருந்தேன்."

மகாராஜன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "ஐயா கேட்டுட்டாரு. பின்னிரு பாண்டி."

பதினொன்று இருபதுக்குப் பாட்டு தொடங்கியது. நான்கு நிமிடம் பத்து நொடி. முட்டி விழுகிற இடங்கள் மூன்று. முன்வரிசை நடுவில் சக்கர நாற்காலி. மண்டபக் கதவோரம் ஈஸ்வரியும் மற்றப் பதின்மூன்று பேரும், ஞாயிற்றுக்கிழமைச் சேலையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதல் பல்லவி முடிந்தது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். தங்கபாண்டி நின்ற இடத்தில் நின்று முடியைக் கோதினார்.

கைதட்டக் கை தூக்கியவர்கள் அப்படியே கீழே போட்டார்கள். யாரோ சொன்னார்: "மறந்துட்டாருப்பா." இன்னொருவர்: "அடுத்ததுல பாரு. ஐயா முன்னாடி சேத்து வச்சு விழுவாரு."

சரணம் முடிந்து பல்லவி திரும்பியது. இரண்டாவது இடம். உடம்பு தானாகவே கீழே போகத் தொடங்கியதைத் தொடைச் சதையில் உணர்ந்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம். பாட்டுக் கேட்டால் முட்டி மடங்கும். பாதி வரை போனார். உறைக்குள் ஏதோ நகர்ந்தது. ஒன்பதாவது வளைவில் கேட்ட அதே சத்தத்தின் முதல் பாதி. பெருவிரலை ஊன்றி எழுந்தார்.

இப்போது விசில் வந்தது. நல்ல விசில் இல்லை.

"அண்ணே, முட்டிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டீகளா?"

"யோவ், டூப்புக்கே டூப்பாய்யா?"

மண்டபம் சிரித்தது. மேடை ஓரத்தில் நின்ற மகாராஜன் கையால் கீழே, கீழே என்று சைகை காட்டினார். சக்கர நாற்காலியில் இருந்தவர் சிரிக்கவில்லை. கைத்தடியைத் தரையில் தாளத்துக்குத் தட்டத் தொடங்கினார். அதைப் பார்த்து முன்வரிசை தட்டியது. பிறகு பின்வரிசை. கடைசிச் சரணம் முழுக்க மண்டபமே காலால் தட்டியது. ஓர் ஆளைக் கீழே இறக்க அறுநூறு கால்கள்.

மூன்றாவது இடத்துக்கு இருபது நொடி இருந்தபோது தங்கபாண்டி கதவைப் பார்த்தார். ஈஸ்வரி தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. கட்டிய கையைப் பிரிக்கவும் இல்லை. எந்த வண்டியில் ஏறுவது என்று காலையில் பார்க்கிற அதே பார்வை.

பல்லவி முடிந்தது. தாளம் விழுந்தது. தங்கபாண்டி நிமிர்ந்து நின்றார். பல்லைக் கடித்தார். சிரித்தார். சுண்டுவிரல் தனியாக நிற்க, முடியைக் கோதினார். கைத்தடி பாதியில் நின்றது.

பாட்டு முடிந்தபோது கைதட்டல் அங்கங்கே இருந்தது. ஒன்ஸ்மோர் யாரும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அது முதல் தடவை.

மாலை போட்ட பிறகு சுகந்தகுமார் நான்கு நிமிடம் பேசினார். நாடகக் கம்பெனி, முதல் படம், பாறையில் பனி. பாறையில் வழுக்கியதைச் சொல்லவில்லை. அந்த ஸ்டெப்பைத் தானே அந்த நொடியில் கண்டுபிடித்ததாகச் சொன்னார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. தங்கபாண்டியும் தட்டினார். அவரைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி: "இங்க ஆடுன பையனுக்கு முகம் என் முகம்தான். கால்தான் என்னுது இல்ல." சிரிப்பு அடங்குவதற்குள் காருக்குப் போய்விட்டார். குரங்கணிக்குக் கிளம்பியவரோடு மன்றத்தார் மூன்று காரில் போனார்கள். தங்கபாண்டியைக் கூப்பிடவில்லை.

கிளம்பும் முன் மகாராஜன் மட்டும் நின்று பேசினார். "எம்புட்டு நாளா ஒன்னைத் தூக்கி வச்சிருந்தேன் பாண்டி. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கம்பத்துப் பயலைக் கொண்டாந்திருப்பேன்ல?"

"தப்புத்தேண்ணே. சொல்லியிருக்கணும்."

"மாசி மாச மேடை அவனுக்குத்தேன். மனசுல வச்சுக்காதே."

பந்தியில் ஈஸ்வரியின் குழு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அவருக்கு ஓர் இலை போட்டு வைத்திருந்தார்கள், ஓரமாக, காலை நீட்டி உட்கார வசதியாக. ஜீப்பில் ஒன்பதாவது படத்தைக் கேட்ட அதே பெண், சுசித்ரா, எதிர் இலையிலிருந்து கேட்டார்.

"அண்ணே, அந்தப் பெரியவரு அறைக்குள்ள என்ன சொன்னாரு?"

தங்கபாண்டி சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "அப்புறமாச் சொல்றேன். பதினோராவது வளைவுல."

"ரெண்டாவது தடவை பாதி இறங்குனீகளே," என்றார் ஈஸ்வரி. "நான் பாத்தேன்."

"ஆமா."

"அதை நான் கணக்குல சேக்கல. வெரசாச் சாப்பிடுங்க, ரசம் ஆறுது."

நவம்பர் 19 காலை ஏழரைக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு ஆறு வாரத்துக்கு இடது காலால் கிளட்ச் மிதிக்கக் கூடாது. அதுவரை ஜீப்பைச் சின்ராசு ஓட்டுகிறார்.